ஒரு கக்கூஸும் ஐந்து நட்சத்திரங்களும்

எங்கள் குடும்பத்தில் டாக்டர் யாரும் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்து வைத்திருந்தேன். நான் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியின் ரெப். கழுத்தில் டை, கையில் கறுப்புப் பை, பைக்குள் ஈரல் டானிக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரையும் யாருக்கும் பிடிக்காத வெனிலா வாசனைப் புரோட்டீன் பவுடரும் இருக்கும். டாக்டர்களின் அறை வாசலில் காத்துக் கிடந்து, கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே நுழைந்து, அவர்கள் கைகழுவிக்கொண்டிருக்கும்போது என் மருந்தின் பெருமையைச் சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. வீட்டில் இது 'பெரிய பெரிய டாக்டர்களோடு பழகுகிறவன்' என்று ஆகியிருந்தது. நானும் மறுத்துப் பேசவில்லை. யாருடைய எக்ஸ்ரே வந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "ம்" என்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த "ம்"முக்கே அம்மா காப்பி கொண்டு வந்து தருவாள்.

பாட்டாவுக்கு உடம்புக்கு வந்தது இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருடங்கள் ஆனபோது. பாட்டா என்றால் அப்பாவின் அப்பா. நாஞ்சில் நாட்டிலிருந்து சின்ன வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் கயிறும் பாயும் விற்றவர். எண்பதைத் தாண்டியும் கிழக்கேகோட்டை வரை நடந்து போய் ரசவடை தின்றுவிட்டு வருவார். திடீரென்று முதுகு வலி என்றார். சாப்பாடு குறைந்தது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்த பெரிய டாக்டர் என்னையும் அப்பாவையும் உட்கார வைத்து, கணையத்தில் கட்டி, ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது, இந்த வயதில் ஆபரேஷனும் மருந்தும் கஷ்டத்தைத்தான் கூட்டும் என்றார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்று பாலியேட்டிவ் கேர் என்று ஒரு பிரிவு இருக்கிறது, வீட்டுக்கே வருவார்கள் என்றும் சொன்னார். அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டு, "கைவிட்டுட்டாங்க, என்னடே?" என்றார்.

குடும்பக் கூட்டம் அடுக்களையில் நடந்தது. பாட்டாவின் அறை வீட்டின் பின்பக்கம் இருந்ததால் அவர் காதுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். குக்கர் விசிலடிக்கும்போது சத்தமாகவும், அடிக்காதபோது கிசுகிசுப்பாகவும் பேசினோம். அப்பா, அம்மா, அதே வீட்டில் குடும்பத்தோடு இருந்த சித்தப்பா, சித்தி, நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்த அத்தை, பிறகு தலைமை விருந்தினராக நான். முதல் தீர்மானம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பாட்டாவுக்கு எதுவும் தெரியக்கூடாது. நோயின் பெயரை யாரும் சொல்லக்கூடாது. முதுகில் நரம்பு பிசகியிருக்கிறது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது, டாக்டர்களோடு பழகுகிறவன் ஆயிற்றே.

இரண்டாவது விஷயத்தில்தான் சண்டை வந்தது. அத்தைக்கு ஐசியூ வேண்டும். அவள் மாமியாரை நாகர்கோவிலில் ஒரு ஐசியூவில் வைத்திருந்தார்கள், கண்ணாடி வழியாகப் பார்க்க ஊரே வந்ததாம். அப்பா யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "வீட்டுல வச்சா யாரு பாக்கது? நான்தானே" என்றாள். நான் உடனே எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். குடித்த தம்ளரைக்கூட மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிற மகனை அம்மா ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் நான் விடவில்லை. பாலியேட்டிவ் கேர் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து நீளமாகப் பேசினேன். மனிதன் தன் வீட்டில், தன் கட்டிலில், தன் மனிதர்கள் நடுவே போக வேண்டும் என்று நான் சொன்னபோது சித்தி மூக்கை உறிஞ்சினாள். வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் சித்தப்பா தொண்டையைச் செருமினார். அரசு அலுவலகத்தில் கிளார்க், எந்தக் கோப்பிலும் ஒரு தடையாவது கண்டுபிடிக்காமல் மேலே அனுப்ப மாட்டார். "எல்லாம் செரி. அடைப்பு நட்சத்திரத்துல ஆயிட்டுன்னா என்ன செய்யது?" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இந்த ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் போன அறையை ஆறு மாதம் அடைத்து வைக்க வேண்டும். வாசலில் தினமும் விளக்கு வைக்கலாம், உள்ளே யாரும் கால் வைக்கக்கூடாது. இல்லையென்றால் குடும்பத்தில் அடுத்தடுத்துக் கேடு வரும் என்று பயம். சித்தப்பா சொன்னதும் எல்லார் மனதிலும் ஒன்றே ஓடியது, ஆனால் வாயைத் திறக்க வெட்கம். அம்மாதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ கக்கூஸு?"

எங்கள் வீடு அட்டக்குளங்கரையிலிருந்து மணக்காடு போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. கொல்லையில் தனியாக இருந்த கக்கூஸை வீட்டோடு இணைத்துக் கட்டியபோது, பாட்டாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கதவை அவர் அறைக்குள் வைத்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். காலையில் எல்லாரும் பாட்டாவின் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போய் வந்தோம். அந்த அறையை ஆறு மாதம் அடைத்தால் எங்கள் கதி என்ன? புதிதாகக் கட்ட இடம் கிடையாது. கக்கூஸின் வெளிச்சுவரை உடைத்து வேறு வழி வைக்கலாமா என்றால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் கிணறு. ஆறு மாதம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா என்று சித்தி கேட்டாள். ஒரு மனிதனின் மரணத்தைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய நாங்கள், வெகு நேரம் கக்கூஸைப் பற்றித்தான் பேசினோம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாகப்போகிறவர் ஒருவர், கக்கூஸ் போக வேண்டியவர்கள் மற்ற எல்லாரும்.

எனக்கு ஜாதகம், நட்சத்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் விலங்கியல் படித்தவன். அதைப் பல பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிக்கலை அவிழ்த்தது நம்பிக்கையே இல்லாத என் மூளைதான். அந்த ஐந்து நட்சத்திரங்களும் வரிசையாக அடுத்தடுத்துத்தானே வருகின்றன? மாதத்தில் அந்த ஐந்து நாளும் பாட்டாவை ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிடுவோம். ரேவதி முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவோம். மற்ற நாட்களில் பாலியேட்டிவ் கேர். அந்த ஐந்து நாளில் ஏதாவது ஆனால் அடைக்க வேண்டியது நர்சிங் ஹோமின் அறையை, அது அவர்கள் பாடு. நான் சொல்லி முடித்ததும் சித்தப்பா என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். அத்தைக்கும் ஆஸ்பத்திரி கிடைத்துவிட்டது. "அவன் படிச்சவன்லா" என்றாள். பெரிய ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்தவனைப் போல அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பாலியேட்டிவ் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டரும் ஜீப்பில் வந்தார்கள். நான் டை கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மாத்திரைகளின் பெயர்களைத் தேவையில்லாத இடங்களில் எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நோய் என்னவென்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா, அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். எங்கள் பண்பாட்டில் பெரியவர்களிடம் இதெல்லாம் சொல்லும் வழக்கமில்லை, குடும்பம்தான் முடிவெடுக்கும் என்று நான் அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் போலப் பேசிக்கொண்டே போனேன். அவர் வீடு ஸ்ரீவராகத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பரிசோதிக்க வேண்டும், எல்லாரும் வெளியே இருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பாட்டா நீளமாக ஏதோ பேசுவது கேட்டது. முதுகு வலியின் வரலாற்றைச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

டாக்டரம்மா வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தை பயந்தாள். அது கஞ்சா மாதிரியல்லவா, பழக்கமாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். எண்பது வயதுக்கு மேல் இன்னும் கொஞ்ச காலம் இருக்கப்போகிறவருக்குப் பழக்கமாகி அவர் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக நரம்பு மண்டலத்தைப் படம் போட்டு விளக்கினேன். மூன்றாம் நாள் பாட்டா எழுந்து உட்கார்ந்து புட்டும் பயறும் கேட்டதும் அத்தை தன் பயத்தை மறந்துவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள்.

வலி போனதும் பாட்டா பழைய பாட்டா ஆனார். காலையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கக்கூஸுக்குப் போகிற ஒவ்வொருவரையும் விசாரிப்பார். சித்தப்பாவிடம், "இன்னைக்கி ரெண்டாந் தடவையாடே? நேத்து என்னத்தத் தின்ன?" என்று கேட்பார். அரசு அலுவலகத்தில் பத்துப் பேரை அலைய வைக்கிற சித்தப்பா, தோளில் துண்டோடு தலைகுனிந்து பதில் சொல்லுவார். சிஸ்டர் வந்து, "வேதனயுண்டோ அப்பூப்பா?" என்று, வலியிருக்கிறதா தாத்தா என மலையாளத்தில் கேட்டால், "இல்ல மக்களே, இவனுகளத்தான் சகிக்க முடியல்ல" என்பார். சிஸ்டர் சிரிப்பார். நான் பக்கத்தில் நின்று, திட்டம் நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கொள்வேன்.

அவிட்டம் வந்தது. நான் டானிக் விற்கும் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அறை பேசி வைத்திருந்தேன். ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று பாட்டாவிடம் சொன்னேன். செரி என்று சட்டையை மாட்டிக்கொண்டார். டாக்ஸி சந்துக்குள் வராது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். அங்கே அவருக்குத் தேவையில்லாத எல்லாம் கிடைத்தது. படுத்திருப்பவருக்கு டிரிப் போடாமல் எப்படி என்று டிரிப் போட்டார்கள். தூங்கியவரை எழுப்பி பிபி பார்த்தார்கள், குறித்துக்கொண்டு போனார்கள், மறுபடி எழுப்பினார்கள். கூட இருந்தது அம்மா. எல்லாருக்கும் கஷ்டமில்லாமல் நான் போட்ட திட்டத்தில், அம்மா ஐந்து நாள் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். நான் தினமும் போய் எட்டிப் பார்த்து, டியூட்டி டாக்டரிடம் டானிக் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். ரேவதி முடிந்த நிமிஷத்தில் சித்தப்பா அலுவலகத்திலிருந்து போன் செய்து, இனி கொண்டு வரலாம் என்றார். கெடு முடிந்த நூலகப் புத்தகத்தைத் திருப்புகிறவனைப் போல நான் போய்ப் பாட்டாவைக் கூட்டி வந்தேன்.

இரண்டாவது தடவை போனபோது அவர் உடம்பு பாதியாகியிருந்தது. முதுகெலும்பில் நோய் இறங்கியிருந்தது. கட்டிலில் அசையாமல் கிடக்கும்வரை மாத்திரைக்கு வலி கட்டுப்பட்டது. தூக்கினால் அவ்வளவுதான். மணக்காடு ரோட்டில் அந்த மழைக்காலத்தில் குழியைத் தவிர ரோடு கிடையாது. ஒவ்வொரு குழியிலும் பாட்டா துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. நான் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும். ரெப் அழக்கூடாது என்று எங்கள் கம்பெனிப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்ட விதி அது.

அந்த ஐந்து நாளில் டாக்டரம்மா வீட்டுக்கு வந்து கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். எனக்கு போன் வந்தது. எதற்காக ஆஸ்பத்திரி என்று கேட்டார். அப்சர்வேஷன் என்றேன். எதை அப்சர்வ் செய்கிறார்கள் என்றார். நட்சத்திரத்தை என்று சொல்ல முடியுமா? விலங்கியல் படித்தவன் நான். பொதுவாக, என்றேன். இந்த அலைச்சலைப் பாட்டாவால் இனித் தாங்க முடியாது, அவரிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றார். டாக்டர்கள் மரியாதைக்காகச் சொல்லும் பேச்சு அது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த அவிட்டத்துக்கு இவரைத் தூக்கினால் வண்டியிலேயே போய்விடுவார். தூக்காவிட்டால் அடைப்பு. இரண்டிலிருந்தும் தப்பிக்க வேண்டுமானால் அதற்கு முன்பே நல்ல நாளாகப் பார்த்து அவர் போய்விட வேண்டும். பாட்டா சீக்கிரம் செத்துப்போக வேண்டுமென்று மனதுக்குள் நாள் பார்த்த அன்றைக்கு நான் கண்ணாடியைப் பார்க்காமலே டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பாட்டா எங்கள் வசதிக்குச் சாகவில்லை. மூன்றாவது அவிட்டமும் வந்தது. காலையிலேயே டாக்ஸியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு, முகத்தில் ஒரு உற்சாகத்தைப் பூசிக்கொண்டு அவர் அறைக்குள் போனேன். "பாட்டா, ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. போயிட்டு வந்துருவோமா?" என்றேன்.

பாட்டா கண்ணைத் திறந்தார். குரல் மெலிந்துபோயிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"அவிட்டம் மத்தியானத்துக்கு மேலத்தானே மக்கா பொறக்கு? காரு எதுக்கு இப்பமே?"

அவர் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அன்றன்றைய நட்சத்திரம், அது எத்தனை மணி வரை என்பது எல்லாம் கொட்டை எழுத்தில் அச்சடித்த காலண்டர். எழுந்து நடக்க முடிந்த நாள் வரை காலையில் அதைக் கிழித்தவர் அவர்தான். முடியாமல் போன பிறகு அம்மா கிழித்து அவர் கையில் கொடுப்பாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நட்சத்திரம் கணித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், அது அவர் கண்ணெதிரே தொங்கியது. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரியுமா என்று எப்படிக் கேட்பது என்று வார்த்தை தேடினேன். அவரே சொன்னார்.

"எனக்குக் கேன்சரு. மொத நாளே டாக்டரம்மைகிட்ட கேட்டாச்சு. நான்தான் சொன்னேன், பிள்ளையகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாண்டாம், தாங்க மாட்டானுவன்னு."

நாங்கள் அவரிடமிருந்து மறைத்தோம். அவர் எங்களிடமிருந்து மறைத்திருக்கிறார். எங்களைவிட நன்றாக மறைத்திருக்கிறார். அப்படியானால் இரண்டு தடவையும் ஏன் வாயைத் திறக்காமல் காரில் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"பின்னே? அடைச்சாச்சின்னா நீங்கள்லாம் கக்கூஸுக்கு எங்க போவிய? காலம்பற வரிசையில நிக்கியளே, நான் பாக்கேன்லா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "இந்தத் தடவ காரு வேண்டாம் மக்கா. உடம்பு தாங்காது. அந்த ஆசுபத்திரியில கெடந்து எனக்குச் சாவவேண்டாம். முன்னால உனக்க ஸ்கூட்டர் ஷெட்டு இருக்குல்லா? அதுல கட்டிலப் போடு. அடைக்கணும்னா அத அடைச்சிக்கிடுங்க."

வீட்டின் முன்பக்கச் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருந்தது. என் ஸ்கூட்டர் நனையாமல் இருப்பதற்காக நான் வற்புறுத்திப் போட வைத்தது. அதில் யாரும் குடியிருக்கவில்லை, யாருடைய கக்கூஸுக்கும் அது வழியில்லை. எல்லாரும் கூடி மூளையைக் கசக்கி மனிதனை ஊருக்குள் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அவர் படுத்த இடத்திலிருந்தே விடையைக் கண்டுபிடித்து வைத்துவிட்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

டாக்ஸியை அனுப்பிவிட்டு எல்லாரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டேன். முதல் தடவையாகக் குடும்பக் கூட்டம் பாட்டாவின் முன்னிலையில், குக்கரின் உதவியில்லாமல் நடந்தது. அப்பா அழுதார், ஆனால் மறுக்கவில்லை, கடைசியாகப் பேசியவர் பாட்டா அல்லவா. சித்தப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர், அதை அறை என்று சொல்ல முடியுமா, அறையில்லை என்றால் அடைப்பு வீட்டுக்கே வந்துவிடுமா? "நாலாவது பக்கம் ஒரு தகரத்த வச்சி மறச்சிரு. நட்சத்திரத்துக்கு அவ்வளவு கண்ணு தெரியாது" என்றார் பாட்டா. சித்தப்பா மறுபேச்சில்லாமல் தகரம் வாங்கப் போனார்.

அப்பா, சித்தப்பா, நான், எதிர் வீட்டுக்காரர், நாலு பேரும் கட்டிலோடு தூக்கினோம். வீட்டுக்குள்ளேயே கொஞ்ச தூரம்தான், தரையில் குழி இல்லை. போனில் கேட்டபோது டாக்டரம்மா முன்கூட்டியே ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். பாட்டா துண்டைக் கடிக்கவில்லை. ஷெட்டில் பெட்ரோல் வாசனை அடித்தது. அம்மா தரையைக் கழுவி, தகரம் மறைக்காமல் விட்ட வழியில் பழைய சேலைகளைக் கொடியில் போட்டுத் திரை கட்டினாள். என் ஸ்கூட்டர் தெருவில் நின்று மழையில் நனைந்தது, இரண்டாம் நாளிலேயே ஸ்டார்ட் ஆகவில்லை. பாட்டா அதைப் பார்த்து, "பாவம் அது, அதுக்கும் ஒரு டானிக்கு குடு" என்றார்.

அந்தத் திரையை அவர் விலக்கி வைக்கச் சொன்னார். சந்தில் போகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பின்னறையில் கிடந்தபோது வந்து பார்க்கத் தயங்கியவர்கள் எல்லாம், வாசலில் கிடக்கிறவரைப் பார்க்கத் தயங்கவில்லை. சிஸ்டர் வந்து, புது வீடு எப்படி இருக்கிறது அப்பூப்பா என்று மலையாளத்தில் கேட்டார். காற்று நல்லாயிருக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் சரியில்லை என்று பாட்டா எங்களைக் காட்டினார்.

இத்தனை நாள் எதையும் கேட்காத நாங்கள் இப்போது கேட்க ஆரம்பித்தோம். கேட்டுக்கொண்டே இருந்தோம். ஃபேன் வேண்டுமா, ஃபேனின் வேகம் போதுமா, தலையணை ஒன்றா இரண்டா, கஞ்சிக்கு உப்புப் போடவா, மழைச்சாரல் அடிக்கிறதா, இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்களா, ரேடியோ வைக்கவா. இதில் நான்தான் முதல் ஆள். அவருடைய விருப்பம்தான் முக்கியம் என்று எல்லாருக்கும் பாடம் வேறு எடுத்தேன், ஏதோ அது நான் கண்டுபிடித்த மருந்து போல. ஒருநாள் பாட்டா கண்ணை மூடிக்கொண்டே, "கொஞ்சம் சும்மா இரிங்கடே" என்றார். அன்று அவர் சொன்ன ஒரே விருப்பம் அதுதான்.

அவிட்டமும் சதயமும் கடந்தன. பூரட்டாதி அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. அம்மா உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பாட்டாவின் மூச்சு மாறியிருந்தது. காலையில் வந்த டாக்டரம்மா, இனி அதிக நேரமில்லை, வலியிருக்காது, கூட இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். ஃபேன் ஓடியது, தலையணை சரியாக இருந்தது, வாயை நனைத்தாயிற்று. கேட்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனதால்தான் அதைக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"பாட்டா, பயமா இருக்கா?"

அவர் தலையை மெல்ல என் பக்கம் திருப்பினார்.

"இருக்கு மக்கா. பயமாத்தான் இருக்கு."

எங்களைப் பயப்பட வைக்கக்கூடாது என்று முதல் நாளிலிருந்தே அதை அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். புட்டு கேட்டபோதும், சித்தப்பாவைக் கேலி செய்தபோதும், காரில் துண்டைக் கடித்தபோதும் அது அவரிடம் இருந்திருக்கிறது. பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தோன்றியது. என் பையில் அதற்கு ஒரு சாம்பிள்கூடக் கிடையாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பும் தோலுமாக, சூடாக இருந்தது.

"என்ன செய்யணும் பாட்டா?"

"ஒண்ணும் செய்யாண்டாம். எங்கயும் போகாண்டாம். இங்கின இரி."

இருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவும் வந்து வந்து இருந்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் பிற்பகலில், அம்மா அவர் உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அடுத்தது வரவில்லை. கை என் கையில்தான் இருந்தது. உத்திரட்டாதி. எல்லாருக்கும் தெரியும், சித்தப்பா உட்பட ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

என் வாழ்க்கையில் என்னிடம் ஒருவர் கேட்டு, நான் பிழையில்லாமல் செய்து கொடுத்த காரியம் அது ஒன்றுதான். அதிலும் நான் செய்ததென்று சொல்ல எதுவுமில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.